ட்ரொம்சோவில் முதல் நவம்பர்: புதிதாக வந்தவர்களுக்கு

நோர்வேயின் வடக்கே ட்ரொம்சோவுக்குப் படிக்க, வேலை செய்ய, குடும்பத்தோடு சேர என்று வருகிற நம்மவர்களில் அனேகர் ஓகஸ்ட், செப்டெம்பரில் வந்து இறங்குகிறார்கள். வந்த கிழமையே கேட்பது ஒரே கேள்வி: "குளிர் எத்தனை பாகைக்குப் போகும்?" ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்பதும் அதுதான். பதில் பலருக்கு வியப்பாக இருக்கும். ட்ரொம்சோ வானிலை நிலையத்தில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை -18.4 பாகை. அது 1966 பெப்ரவரியில். நவம்பர் மாதம் பூச்சியத்தை ஒட்டியே போகும்.

அதனால்தான் நவம்பர் சிரமமான மாதம். பூச்சியத்துக்கு ஒரு பாகை மேலே, ஒரு பாகை கீழே என்று வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மழை, பனி, ஐஸ் மூன்றும் ஒரே நாளில் வரும். அதோடு வெளிச்சமும் நாளுக்கு நாள் குறையும். ஆகவே -30 பாகைக்கு என்று காசைக் கொட்டிப் பெரிய ஜக்கெட் வாங்குவதற்கு முன் வழுக்கலுக்கும் ஈரத்துக்கும் இருட்டுக்கும் ஆயத்தமாகுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதுதான்.

முதலில் மாதத்தை விளங்கிக்கொள்ளுங்கள்

ட்ரொம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர் வடக்கே, ஒரு தீவில் இருக்கிறது. இவ்வளவு வடக்கே இருந்தும் துறைமுகம் உறைவதில்லை. அத்திலாந்திக் சமுத்திரத்தின் இளஞ்சூட்டு நீரோட்டம் இந்தக் கரையோரமாக மேலேறிப் போவதுதான் காரணம். கடலை விட்டு உள்ளே போனால் கதை வேறு. பக்கத்து மாவட்டமான ஃபின்மார்க்கில், உள்நாட்டில் இருக்கும் காரஷோக்கில் 1886இல் -51.4 பாகை பதிவானது. நோர்வேயின் சாதனை இன்றுவரை அதுதான். "வட நோர்வே" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் கரையோரமா உள்நாடா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வாங்க வேண்டிய உடுப்பே வேறு.

இனி வெளிச்சம். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அதற்குப் பிறகு வரும் நவம்பர் முதலாம் திகதி சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகு எழுந்து, பின்னேரம் மூன்று மணிக்கு முன்பே மறைந்துவிடும். பகல் கிட்டத்தட்ட ஆறரை மணித்தியாலம். மாத நடுவில் அது நாலு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கரைந்துபோகிறது. 27ஆம் திகதியளவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதை நிறுத்திவிடும். மறுபடி ஜனவரி நடுப்பகுதியில்தான் எழும். நகரத்தைச் சுற்றி மலைகள் நிற்பதால் ஊர் மக்கள் சூரியன் திரும்பும் நாளை ஜனவரி 21 அன்று கொண்டாடுகிறார்கள். அன்று எல்லா வெதுப்பகங்களிலும் "சூல்பொல்லே" என்ற இனிப்புப் பணிஸ் விற்கும். பாடசாலைகளில் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

"மொர்க்கெதீட்" என்று இங்கே சொல்லும் அந்த இருட்டுக் காலம் முழு இரவு என்று எண்ணிவிட வேண்டாம். சூரியன் எழாத நாளிலும் நவம்பர் கடைசியில் காலை எட்டரைக்குப் பிறகு வானம் வெளிக்கத் தொடங்கி, பின்னேரம் இரண்டரை வரை வெளிச்சம் இருக்கும். நீலமும் ஊதாவும் கலந்த வெளிச்சம். வானம் தெளிவாக இருந்தால் தெற்குப் பக்கத்தில் செம்மஞ்சளும் தெரியும். வெளிச்சம் ஆகக் கூட இருப்பது பகல் பதினொன்றரை மணியளவில். இந்த நேரத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாவது: வானிலை அறிவிப்பைச் சரியாக வாசியுங்கள்

நோர்வே வானிலை நிறுவனமும் அரச ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் "யீர்" செயலியைத் தொலைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். புதிதாக வந்தவர்கள் அதில் அன்றைய வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நவம்பரில் பார்க்க வேண்டியவை வேறு.

மணித்தியால வாரியான பட்டியலைத் திறந்து, முதல் நாள் பின்னேரத்திலிருந்து மறுநாள் காலை வரை வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பின்னேரம் +2, மழை. விடிய -1, தெளிவான வானம் என்று இருந்தால் காலையில் முழு நகரமும் கண்ணாடி பூசினமாதிரிக் கிடக்கும். அடுத்த நாள் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முன்கூட்டியே வெளிக்கிட வேண்டும். மாறாக, முழு நாளும் -6 என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள். கால் ஊன்றி நடக்கலாம், உடுப்பும் நனையாது.

அடுத்தது காற்று. யீரில் காற்றின் வேகம் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று இருக்கும். பக்கத்தில் அடைப்புக்குள் இருக்கும் எண் இடையிடையே வீசும் பலத்த காற்றின் வேகம். உங்களைத் தள்ளப்போவது அதுதான். பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் ட்ரொம்சோ பாலம் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளம், கடலுக்கு மேலே உயரமாகப் போகிறது. அடைப்புக்குள் 15க்கு மேல் கண்டால் அதில் நடக்கவோ சைக்கிள் ஓடவோ வேண்டாம், பஸ்ஸில் ஏறுங்கள்.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் அபாய அறிவித்தல் வரும். மஞ்சளை நவம்பரில் அடிக்கடி காண்பீர்கள். கவனமாக இருந்தால் போதும். செம்மஞ்சள் வந்தால் தேவையில்லாத பயணத்தை ஒத்திவையுங்கள். அப்படியான நாட்களில் விமானங்கள் தாமதமாகும், மலைப்பாதைகள் மூடப்படும். ஒஸ்லோவில் தூதரக வேலை, நேர்முகம், வெளிநாட்டு விமானம் என்று ஏதும் இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி பயணச்சீட்டை எடுங்கள்.

மூன்றாவது: உடுப்பு

இங்கே காசைச் செலவழிக்கும் வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் ஜக்கெட்டில் தொடங்கி, காலுக்கு வரும்போது காசு முடிந்துபோய் நிற்கிறார்கள். நான் சொல்லும் வரிசை தலைகீழ்: முதலில் கால், பிறகு உடம்போடு ஒட்டும் உள்ளுடுப்பு, பிறகு வெளிச் சட்டை.

சப்பாத்து தண்ணீர் உள்ளே விடாததாக, கணுக்காலை மூடுவதாக, அடிப்பாகம் மென்மையான இறப்பராக இருக்க வேண்டும். கடினமான பிளாஸ்ரிக் அடி குளிரில் இன்னும் இறுகி வழுக்கும். கடைக்குப் போகும்போது கம்பளிக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல்களை ஆட்ட இடம் இல்லாவிட்டால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். இறுக்கமான சப்பாத்துக்குள் எத்தனை காலுறை போட்டாலும் கால் விறைக்கும், ஏனென்றால் சூட்டைப் பிடித்துவைக்க உள்ளே காற்று இருக்காது.

அதோடு "புரொட்டர்" ஒரு சோடி கட்டாயம். சப்பாத்தின் அடியில் மாட்டும், சின்ன இரும்பு முள்ளுகள் வைத்த இறப்பர் வளையம் அது. மருந்துக்கடை, விளையாட்டுச் சாமான் கடை, பல்பொருள் கடை எல்லாவற்றிலும் நவம்பரில் வாசலிலேயே தொங்கும். குதிக்காலில் மட்டும் மாட்டுவதும் உண்டு, முழு அடிக்கும் மாட்டுவதும் உண்டு. முழு அடிக்கு உள்ளதை வாங்குங்கள். வீட்டில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள்: முன்பக்கத்தைச் சப்பாத்து நுனியில் கொழுவி, பின்பக்க நாக்கைப் பிடித்து இழுத்துக் குதிக்கு மேலே ஏற்ற வேண்டும். கையுறையோடு இருட்டில் பஸ் தரிப்பிடத்தில் நின்று முதல்முறை முயன்றால் வராது. கடைக்குள்ளும் பஸ்ஸுக்குள்ளும் போகும்போது கழற்றிவிடுங்கள். ஓடு பதித்த தரையில் அந்த இரும்பு முள்ளு ஐஸைவிட மோசமாக வழுக்கும்.

உள்ளுடுப்பு கம்பளியாக இருக்கட்டும். மெரினோ கம்பளி மெல்லியது, தோலை அரிக்காது. பருத்தி பெனியன் இந்த ஊருக்குச் சரிவராது. வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், நடந்து நின்ற பிறகு அந்த ஈரம் உடம்பைக் குளிரவைக்கும். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். இரண்டு சோடி போதும். ஒவ்வொரு நாளும் தோய்க்கத் தேவையில்லை, இரவில் காற்றுப் பட விரித்துவிட்டால் மணம் போய்விடும்.

அதற்கு மேலே ஒரு கம்பளி அல்லது ஃப்ளீஸ் மேற்சட்டை. அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜக்கெட், தொடையை மூடும் நீளத்தில், தொப்பியோடு. இறகு அடைத்த ஜக்கெட் பார்க்க வடிவு. ஆனால் நவம்பர் மழையில் இறகு நனைந்து கட்டிபட்டுவிட்டால் சூடு போய்விடும். அதை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடை வாங்க வேண்டாம், இங்கத்தைக் காற்று அதைத் திருப்பிப்போட்டுவிடும். கைக்கு, விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் "வொத்தர்" சூடு கூட.

எல்லாம் புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை. "ஃபின்" (finn.no) என்ற இணையத்தளத்திலும் ஃபிரெதெக்ஸ் கடைகளிலும் பழைய சாமான் நல்ல நிலையில் கிடைக்கும். பிள்ளைகளின் உடுப்பு விசேஷமாக அப்படித்தான். இங்கே பிள்ளைகள் ஒரு குளிர்காலத்தில் வளர்ந்துவிடுவதால் ஒரு வருடம் போட்டதை எல்லோரும் விற்றுவிடுவார்கள்.

பிள்ளை "பார்னஹாகே" என்ற பாலர் பாடசாலைக்குப் போகிறதென்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மழை, பனி எதுவானாலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். அதைத் தடுக்கும்படி கேட்டுப் பலனில்லை, கேட்கவும் வேண்டாம். பிள்ளைக்கு அது நல்லது. நீங்கள் செய்ய வேண்டியது அலுமாரியில் மாற்றுடுப்பு குறையாமல் பார்ப்பது: கம்பளி உள்ளுடுப்பு இரண்டு, காலுறை மூன்று நாலு, வொத்தர் குறைந்தது மூன்று சோடி, இறப்பர் மழையுடுப்பு ஒன்று, முழு உடம்பையும் மூடும் குளிருடுப்பு ஒன்று. எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைத்துத் திங்கள் திரும்பக் கொடுங்கள். கழுத்துக்கு நீளச் சால்வை வேண்டாம், ஊஞ்சலிலோ சறுக்குமரத்திலோ சிக்கும். தலையால் போடும் கழுத்துறைதான் பாதுகாப்பு.

கடைசியாக "ரிஃப்ளெக்ஸ்", வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டியும் தொங்கலும். கறுப்பு ஜக்கெட்டோடு வீதியோரம் நடக்கும் ஒருவரை, விளக்கைத் தாழ்த்தி வரும் சாரதி 25, 30 மீற்றரில்தான் காண்கிறார். ரிஃப்ளெக்ஸ் இருந்தால் 140 மீற்றரில் காண்கிறார். வங்கி, நூலகம், காப்புறுதிக் கந்தோர் என்று பல இடங்களில் சும்மாவே தருவார்கள். அதை ஜக்கெட் பொக்கெற்றுக்குள் வைத்திருந்து பயனில்லை. இரண்டு பக்கமும் தொங்கவேண்டும், அதுவும் முழங்கால் உயரத்தில். வாகன விளக்கு பதிவாக அடிப்பதால் தோளில் குத்தியது தெரியாமல் போகலாம். நம்மவர்கள் அனேகம் பேர் அதிகாலைத் துப்புரவு வேலைக்கும் இரவுப் பராமரிப்பு வேலைக்கும் நடந்து போகிறவர்கள். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள்.

நாலாவது: ஐஸில் நடப்பது

கடும் குளிரில் ஐஸ் காய்ந்து இருக்கும், கால் ஓரளவு பிடிக்கும். பூச்சியத்தை ஒட்டி இருக்கும்போது மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், அப்போதுதான் ஆக மோசமாக வழுக்கும். பனி பாதி உருகி, வாகனமும் கால்களும் அமுக்கி, இரவில் உறைந்து, அதன் மேல் மழை பெய்தால் வருவதை இந்த ஊரார் "ஹோல்கே" என்பார்கள். வேலையிடத்தில் யாராவது காலையில் அந்தச் சொல்லைச் சொன்னால் திரும்பிப் போகும்போது புரொட்டர் மாட்டிக்கொள்ளுங்கள்.

நடையையும் மாற்ற வேண்டும். அடியைச் சின்னதாக வையுங்கள். குதிக்காலை முதலில் ஊன்றாமல் முழுப் பாதத்தையும் ஒன்றாக வையுங்கள். உடம்புப் பாரம் முன் காலுக்கு மேலே நிற்கட்டும், முழங்கால் சற்று மடிந்திருக்கட்டும். கைகளை ஜக்கெட் பொக்கெற்றுக்குள் விடவே கூடாது. விழுந்தால் தாங்கவும், விழாமல் சமநிலை எடுக்கவும் கை வெளியே வேண்டும். சாமான்களை ஒரு கையில் தூக்காமல் முதுகுப் பையில் போடுங்கள். தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நடப்பதைப் பனி உருகும் வரை விட்டுவிடுங்கள்.

எங்கே விழுவார்கள் என்றும் ஓரளவு சொல்லிவிடலாம். கூரைத் தண்ணீர்க் குழாய் நடைபாதையில் வந்து முடியும் இடம். வாகனத் தரிப்பிடத்தில் காருக்கும் காருக்கும் இடையில், கூட்டிச் சுத்தம் செய்யாத பகுதி. பஸ் நிற்கும் விளிம்பு, அங்கே பஸ்ஸின் பாரத்தில் பனி அமுங்கிப் பளபளவென்று இருக்கும். வீட்டு வாசல் படியின் முதல் படி. நகர மத்தியில் சில நடைபாதைகளுக்குக் கீழே சூடாக்கும் குழாய் இருப்பதால் அவை காய்ந்திருக்கும். அந்தச் சூடு முடிகிற எல்லையில்தான் உருகிய தண்ணீர் ஓடி வந்து உறைந்திருக்கும். நிலத்தில் சின்னச் சரளைக்கல் தூவியிருந்தால் அதன் மேலேயே நடங்கள். ஐஸுக்கு மேலே புதுப்பனி ஒரு விரல் கனத்துக்குப் பெய்திருந்தால் அதை நம்பாதீர்கள், கீழே உள்ளது தெரியாது.

வெப்பநிலை ஏறும் நாளில் இன்னொரு அபாயம் தலைக்கு மேலே. சரிவான கூரைகளிலிருந்து பனி மொத்தமாகச் சறுக்கி விழும், அதோடு ஐஸ் துண்டும் வரும். சுவரோரம் தடியைச் சாத்தியோ நாடா கட்டியோ மறித்திருந்தால் சுற்றிப் போகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

விழுந்து கை வீங்கினால், அசைக்க முடியாவிட்டால், 116117 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். குடும்ப வைத்தியர் இல்லாத நேரங்களுக்கான அவசர வைத்தியம் அது. தலை அடிபட்டு மயக்கம் வந்தால் யோசிக்காமல் 113.

ஐந்தாவது: இருட்டும் உடம்பும்

ஒக்ரோபர் தொடக்கம் மார்ச் வரை இங்கத்தைச் சூரியன் மிகவும் பதிவாக இருப்பதால் தோல் விற்றமின் டி உண்டாக்கப் போதிய கதிர் வராது. நம் தோல் கருமையானது, கோடையிலும் வெள்ளைத் தோலைவிட மெதுவாகத்தான் அதை உண்டாக்கும். ஆகவே குளிர்காலத்தை நாங்கள் குறைந்த சேமிப்போடு தொடங்குகிறோம். நோர்வே சுகாதாரத் துறை சொல்லும் அளவு வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 10 மைக்ரோகிராம், 75 வயதுக்கு மேல் 20. மீன் எண்ணெயான "திரான்" ஒரு சிறிய கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், அந்த 10ஐத் தந்துவிடும். குடிக்கப் பிடிக்காதவர்களுக்கு வில்லை இருக்கிறது. கைக்குழந்தைக்கும் துளியாகக் கொடுக்கச் சொல்லுவார்கள், குழந்தை நல நிலையத்தில் கேளுங்கள். உடம்பு நோவு, அசதி தொடர்ந்து இருந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்ளலாம். தாமாக அளவுக்கு மிஞ்சி எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டிலும் வழி உண்டு. சல்மன், கானாங்கெளுத்தி, ஹெரிங் எல்லாம் கொழுப்புள்ள மீன், விற்றமின் டி உள்ளது. கானாங்கெளுத்தியைப் புளி விட்டு, கறித்தூள் போட்டு யாழ்ப்பாணக் குழம்பாக வைத்தால் ஊர் ருசி வரும். "செய்" என்ற மலிவான மீன் சதைப்பிடிப்பானது, பிரட்டலுக்கும் கட்லற்றுக்கும் நல்லது. எண்பதுகளில் ஃபின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த எங்கள் அண்ணன்மார் இந்த மீன்களைக் கறியாக்கப் பழகித்தான் அந்தக் குளிர்காலங்களைத் தாண்டினார்கள்.

நித்திரைதான் பலருக்கு முதலில் குழம்பும். பின்னேரம் மூன்று மணிக்கே இருண்டுவிடுவதால் ஐந்து மணிக்குக் கண் சொருகும். ஒரு தூக்கம் போட்டு எழும்பினால் இரவு இரண்டு மணி வரை விழிப்பு. இதற்கு ஒரே மருந்து, காலையில் எழும்பும் நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பது. சனி ஞாயிறும் அதே நேரம். எழும்பியதும் வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் போடுங்கள். காலையில் அரை மணித்தியாலம் முன்னால் இருந்து தேநீர் குடிக்க, வாசிக்க என்று 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குகள் கடைகளில் உண்டு. கண் நோய் உள்ளவர்களும் மனநிலை மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முன்பு சொன்ன பதினொன்றரை மணிக்கு இப்போது வருவோம். வேலையிடத்தில் மதிய இடைவேளையை அந்த நேரத்துக்கு எடுங்கள், சாப்பாட்டை உள்ளே பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு இருபது நிமிடம் வெளியே நடவுங்கள். மழை தூறினாலும் போங்கள். மப்பும் மந்தாரமுமான நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அறைக்குள் இருக்கும் விளக்கைவிடக் கூடவாக இருக்கும். மாணவர்கள் பகல் முழுக்க நூலகத்துக்குள் இருந்துவிட்டு நாலு மணிக்கு வெளியே வந்தால் அன்றைய வெளிச்சத்தையே காணாமல் போய்விடுவார்கள். நவம்பரில் மனம் சோருகிறவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

சோர்வு இரண்டு கிழமைக்கு மேல் நீண்டு, படுக்கையை விட்டு எழும்பவே மனமில்லாமல், சாப்பாட்டில் விருப்பமில்லாமல் போனால் அதைக் குளிரின் தலையில் போட்டுவிட்டு இருக்க வேண்டாம். குடும்ப வைத்தியரிடம் போங்கள். நோர்வே மக்களே இதற்கு வெட்கமில்லாமல் போகிறார்கள். நாங்களும் போகலாம்.

ஆறாவது: வீடு

சூடாக்கியின் மேல் ஈர உடுப்பைப் போட வேண்டாம். மின்சூடாக்கியை மூடினால் தீப்பிடிக்கும், அதனால்தான் அதன் மேல் தடைக்குறி போட்டிருக்கிறது. மடித்துவைக்கும் கொடியை அறையில் விரித்துக் காயப்போடுங்கள், கதவைச் சாத்தி யன்னலைச் சற்றே திறந்துவிடுங்கள்.

ஈரம் இந்த வீடுகளுக்கு எதிரி. நம் சமையலில் ஆவி அதிகம்: சோறு, குழம்பு, இடியப்பம். அந்த ஆவி குளிர்ந்த யன்னல் கண்ணாடியில் தண்ணீராகப் படிந்து, கீழே சட்டத்தில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்காரரோடு வரும் சண்டைகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. சமைக்கும்போது புகையுறிஞ்சியைப் போட்டு, முடிந்த பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை எல்லா யன்னல்களையும் அகலத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடுங்கள். இப்படிச் செய்தால் காற்று மாறும், சுவர் ஆறாது. நாள் முழுக்கச் சின்ன இடைவெளி விட்டுவைத்தால் சுவரும் ஆறும், மின்கட்டணமும் ஏறும். யன்னலுக்குக் கீழே இருக்கும் சூடாக்கியைத் திரைச்சீலையால் மறைக்காதீர்கள்.

மின்கட்டணத்தில் வடக்குக்கு ஒரு சலுகை: நூர்லாந்து, ட்ரொம்ஸ், ஃபின்மார்க் மாவட்ட வீடுகளுக்கு மின்சாரத்தில் பெறுமதி சேர் வரி இல்லை. தெற்கில் இருக்கும் நண்பரின் கட்டணத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். வாசல் பனியைத் தள்ளும் பொறுப்பு யாருக்கு என்று அதில் இருக்கும். உங்களுக்கென்றால் பனிச்சவள் ஒன்றும் சரளை ஒரு பையும் முதல் பனிக்கு முன்பே வீட்டில் இருக்கட்டும். பனி பெய்த அன்றே தள்ளினால் பஞ்சு. உருகி உறைந்துவிட்டால் கடப்பாரையால் கொத்த வேண்டிவரும்.

ஏழாவது: வாகனம்

வாகனம் இல்லாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

வட மாவட்டங்கள் மூன்றிலும் ஆணி ரயர் ஒக்ரோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை போடலாம். குளிர்கால ரயரில் வெட்டு ஆழம் குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ரயர்க் கடைகளில் முதல் பனி விழுந்த அன்று நீண்ட வரிசை நிற்கும், அதற்கு முன் நேரம் எடுத்துவிடுங்கள். ட்ரொம்சோவின் ஏற்ற இறக்கங்களுக்கும் ஹோல்கேக்கும் ஆணி ரயர்தான் என் பரிந்துரை, முதல் குளிர்காலம் ஓடுகிறவருக்கு நிச்சயமாக.

காலையில் எல்லாக் கண்ணாடியையும் சுரண்டிவிட்டு எடுங்கள். சாரதிக்கு முன்னால் கைக்குட்டை அளவு சுரண்டிவிட்டு ஓடினால் பொலிஸ் தண்டம் அடிக்கும், அதைவிடப் பக்கத்தில் வரும் பிள்ளை தெரியாது. கூரைப் பனியையும் தள்ளுங்கள், பிரேக் பிடிக்கும்போது முன் கண்ணாடியில் வந்து விழும். முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் கோடையில் விடும் இடைவெளியை மூன்று மடங்காக்குங்கள். நோர்வேயில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். மின்னும் மேலங்கி ஒன்று வண்டிக்குள், எட்டும் தூரத்தில் இருப்பதும் சட்டம். நகரத்துக்கு வெளியே மான்கள் வீதியில் நிற்கும். ஒன்றைக் கண்டால் பின்னால் இன்னும் வரும் என்று எண்ணி மெதுவாகப் போங்கள். மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று அறிய வீதித் திணைக்களத்தின் 175 இலக்கம் இருக்கிறது.

இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரத்தோடு இங்கே குடியிருக்க வந்தவர்கள் ஓடக்கூடியது மூன்று மாதம்தான். ஓகஸ்ட்டில் வந்தவருக்கு அது நவம்பரில் முடிகிறது, கவனியுங்கள்.

எட்டாவது: வெளியே போங்கள், ஆட்களோடு சேருங்கள்

ட்ரொம்சோவில் குளிர்கால மனநிலையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் காரி லீபோவிட்ஸ், தெற்கே இருப்பவர்களைவிட வடக்கே இருப்பவர்களே குளிர்காலத்தை நல்லவிதமாகப் பார்க்கிறார்கள் என்று கண்டார். இருட்டு கூடிய இடத்தில் அதைக் கொண்டாடும் பழக்கமும் கூடியிருக்கிறது. இந்த ஊரில் வாழ்கிறவர்களுக்கு அது புதினமாக இராது. தீவின் நடுமுதுகு நெடுக விளக்குப் போட்ட பாதை ஒன்று போகிறது. பனி கனத்தால் அது பனிச்சறுக்குப் பாதை. அதற்கு முன் நடக்கலாம். பின்னேரம் ஆறு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள்: பிள்ளை வண்டி தள்ளும் அப்பாமார், நாயோடு கிழவிகள், வேலை முடிந்து ஓடுகிறவர்கள். இருட்டென்று யாரும் வீட்டில் இருப்பதில்லை. தெளிவான இரவில் அதே பாதையில் நிமிர்ந்து பார்த்தால் வடதுருவ ஒளி பச்சையாக அசையும். அதற்குக் காசு கொடுத்துச் சுற்றுலா போக அவசியமில்லை.

கடலிலும் நவம்பர் பெரிய மாதம். ஹெரிங் கூட்டங்கள் குளிர்காலத்தைக் கழிக்க வட ட்ரொம்ஸ் கடலேரிகளுக்குள் வருகின்றன, அவற்றைத் துரத்திக்கொண்டு திமிங்கிலங்களும் வருகின்றன. இப்போது ஷேர்வேய் பக்கம் அதிகம் காணலாம்.

நவம்பர் முதல் ஞாயிறு, இறந்தவர்களை நினைக்கும் நாளில், நோர்வே மக்கள் கல்லறைகளில் விளக்கேற்றுவார்கள். பிறகு டிசெம்பரை ஒட்டி ஒவ்வொரு யன்னலிலும் நட்சத்திர விளக்கும் ஏழு திரி விளக்கும் வரும். எங்களுக்கும் இதே பருவத்தில்தான் கார்த்திகை விளக்கீடு வருகிறது. இருட்டில் விளக்கு வைக்கும் பழக்கம் இரண்டு பக்கமும் இருப்பதால் அயலவர் கேட்டால் விளக்கிச் சொல்வதும் சுலபம், ஒரு தட்டு மோதகத்தோடு சொன்னால் இன்னும் சுலபம். வாசலில் வைப்பதற்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுதிரி வையுங்கள். எண்ணெய்ச் சிட்டி காற்றில் நில்லாது, மரப்படியில் எண்ணெய் சிந்தினால் வழுக்கும். வீட்டுக்குள் சிட்டி ஏற்றினால் திரைச்சீலைக்குத் தூரமாக, தட்டின் மேல், ஆள் இருக்கும்போது மட்டும். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடுங்கள். தீ மீறிப்போனால் 110.

டிசெம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் சூடாக்கியை முற்றாக அணைத்துவிட்டுப் போகாமல் 12 பாகையளவில் விட்டுப் போங்கள், குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் வீடே நனையும். தண்ணீர்ப் பிரதான அடைப்பானைப் பூட்டிவிட்டு, சாவி ஒன்றை நம்பிக்கையானவரிடம் கொடுங்கள். வாசற்பனியைத் தள்ளவும் அவரிடமே சொல்லிவையுங்கள். டிசெம்பர் முதலாம் திகதி நோர்வேயில் புகை எச்சரிக்கைக் கருவிக்கான நாள். அன்று கதிரையில் ஏறிப் பற்றரியை மாற்றி, பொத்தானை அமத்தி, சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.